இறங்கிப் போக வேண்டிய தூரம்

நீலகிரிக்கு வருகிறவர்கள் எல்லோரும் ஏறித்தான் வருகிறார்கள். மேட்டுப்பாளையத்தில் புறப்பட்டு, கல்லாறும் பர்லியாறும் தாண்டி, குன்னூர், அருவங்காடு, கேத்தி என்று ஏறி உதகையில் போய் நிற்கிறார்கள். ஆனால் இந்த மலையின் பூர்வகுடிகளில் பெரும்பாலோரைக் காண வேண்டுமானால், ஏறி வந்தபின் இன்னொரு பக்கம் இறங்க வேண்டும். தோடர்களின் குடியிருப்புகளான மந்துகளும் கோத்தர்களின் ஊர்களும் பெரும்பாலும் மேட்டுநிலத்தில் இருக்கின்றன. இருளரும் ஆலுக்குறும்பரும் சரிவுகளில், தேயிலை முடிந்து காடு தொடங்குகிற விளிம்புகளில் வாழ்கிறார்கள். மேற்கே கூடலூர், பந்தலூர் பக்கம் இறங்கினால் பணியர், காட்டுநாயக்கர், பெட்டக்குறும்பர், முள்ளுக்குறும்பர். மிகவும் நலிவுற்ற பழங்குடிகள் என்று தமிழ்நாட்டில் அரசு வகுத்திருக்கும் ஆறு குடிகளும் இந்த ஒரே மாவட்டத்தில் இருக்கிறார்கள். 2011 கணக்கெடுப்பின்படி மாவட்ட மக்கள்தொகை 7,35,394. அதில் பழங்குடியினர் 32,813 பேர். நூற்றுக்கு ஐந்து பேர்கூட இல்லை.

இந்த ஊர்களின் முதியவர்களிடம் அரசு நான்கு வழிகளில் வருகிறது: மாதாந்திர ஓய்வூதியம், ரேஷன், மாத்திரை, ஆஸ்பத்திரி. நான்கும் உண்மையான உதவிகள். பட்டினியைத் தள்ளிவைத்திருப்பவை. ஆனால் நான்குமே பெரும்பாலும் தார்ச்சாலை முடிகிற இடம்வரைதான் வருகின்றன. அங்கிருந்து கீழே இருக்கும் வீடு வரைக்குமான தூரத்தை நடந்து கடப்பது, அநேகமாக எப்போதும், எழுபது வயதைத் தொட்ட கால்கள்தான். மலைநாட்டில் அரசின் அக்கறையை அளக்கத் தொகையைப் பார்த்தால் போதாது, அந்தக் கடைசித் தூரத்தை யார் நடக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம்.

தமிழ்நாடு முதியோர் ஓய்வூதியத்தை 1962இலேயே தொடங்கிவிட்டது. மத்திய அரசு நாடு முழுவதற்குமாக ஒரு திட்டம் கொண்டுவந்தது 1995 ஆகஸ்ட் 15 அன்று. இன்றைக்கும் அறுபது முதல் எழுபத்தொன்பது வயது வரையுள்ளவர்களுக்கு மத்திய அரசின் பங்கு மாதம் 200 ரூபாய்தான், எண்பதைக் கடந்தவர்களுக்கு 500. மீதியை மாநிலம் போடுகிறது. 2011இல் மாநிலம் மொத்தத் தொகையை 1,000 ரூபாயாக்கியது, 2023இல் 1,200 ஆக்கியது. ஊரில் இதற்குப் பெயர் ஓஏபி பணம். ஒரு வீட்டில் அரிசிக்கு மேல் வாங்கும் எண்ணெய், பருப்பு, வெற்றிலை, பேரக்குழந்தையின் நோட்டுப் புத்தகம் எல்லாம் அந்தப் பணத்தில்தான். வேலைக்குப் போகிற மகனுக்கு மழைக்காலத்தில் வேலை இல்லாமல் போகும். பாட்டியின் பணம் மட்டும் மாதம் தவறாது. அதனால் அந்த வீட்டில் பாட்டியின் சொல்லுக்கு ஒரு கனம் கூடியிருக்கிறது. ஓய்வூதியம் செய்த நல்ல காரியங்களில் முதலாவதாக இதைத்தான் சொல்வேன்.

முன்பு இந்தப் பணம் மணியார்டரில் வந்தது. தபால்காரர் பையோடு இறங்கிப் போவார். ஒவ்வொரு மணியார்டருக்கும் பத்தோ இருபதோ பிடித்துக்கொள்கிறார்கள் என்ற புகார் தமிழ்நாடு முழுக்க இருந்தது. செத்தவர் பெயரில் பணம் போகிறது என்ற புகாரும் இருந்தது. அதனால் பட்டுவாடா வங்கிக்கணக்குக்கும் வங்கி முகவரின் கைரேகைக் கருவிக்கும் மாறியது. மாற்றியதற்கு நியாயம் உண்டு. ஆனால் மாற்றியபோது பணத்தோடு சேர்ந்து நின்றுபோனது மாதத்துக்கு ஒரு முறை ஒரு அரசு ஆள் அந்தப் பாதையில் இறங்கும் வழக்கம். யார் படுத்த படுக்கை, யாருக்குக் கண் தெரியவில்லை, எந்த வீட்டுக் கூரை ஒழுகுகிறது என்பது அவர் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. இன்று அது யார் கண்ணிலும் படுவதில்லை.

பணம் எடுக்கும் நாளில் தோட்டத்துக் கடைவீதியில் வங்கி முகவரின் மேசையருகே நின்று பார்த்தால் இந்த மாற்றத்தின் விலை தெரியும். ஒரு இருளர் மூதாட்டி வருகிறார். ஆயுளில் பாதியைத் தேயிலை பறிப்பதிலும் மீதியைக் காட்டில் கிழங்கு தோண்டுவதிலும் கழித்தவர். கொழுந்து கிள்ளிக் கிள்ளி விரல் நுனிகளில் கறை ஏறிக் கறுத்திருக்கிறது. கட்டைவிரலின் நடுப்பகுதி வழவழவென்று தேய்ந்து, வெளிச்சத்தில் திருப்பினால்கூட ஒரு கோடும் தெரியவில்லை. கருவியின் கண்ணாடியில் வைக்கிறார். சிவப்பு விளக்கு எரிகிறது.

"பாட்டி, இன்னொருக்கா நல்லா தொடச்சிட்டு வைங்க."

"எத்தன வாட்டி கண்ணு தொடைக்கறது? தேயிலக் கறை அது, போகாது."

"சரி, அந்தக் கை வெரல வைங்க."

முந்தானையில் துடைக்கிறார். தலைமுடியில் தேய்த்து எண்ணெய்ப் பசை ஏற்றிக்கொண்டு வைக்கிறார். முகவரான இளைஞர் பொறுமைசாலி, கண்ணாடியைத் தன் சட்டைத் துணியால் துடைத்துவிட்டு அவர் விரலைத் தானே பிடித்து அழுத்துகிறார். ரேகை விழவில்லை. மதியம் வாங்க, இல்லாவிட்டால் கிளைக்குப் போங்க என்கிறார். கிளை இருப்பது குன்னூரில். வந்த ஜீப் திரும்பப் போகும் நேரம் ஆகிவிட்டது. துணைக்கு வந்த பேரனுக்கு அன்றைய கூலி போயிற்று. ரேகை விழுந்திருந்தாலும் ஜீப் செலவும் பேரனின் கூலியும் போகத்தான் மீதி. இந்தச் செலவு எந்தக் கணக்கிலும் வருவதில்லை. கோப்பில் 1,200 என்றால் 1,200தான்.

தூரம் பாதையில் மட்டும் இல்லை, விண்ணப்பப் படிவத்திலும் இருக்கிறது. ஓய்வூதியத்துக்கு வயது அறுபது ஆகியிருக்க வேண்டும். காட்டோரத்தில் பிறந்த மூத்த தலைமுறைக்குப் பிறப்புப் பதிவு கிடையாது. பழனிமலைப் பளியர்கள் பன்னிரண்டு ஆண்டுக்கொரு முறை பூக்கும் குறிஞ்சியை வைத்து வயதைக் கணக்கிட்டார்கள் என்று சொல்வதுண்டு. இங்கும் முதியவர்கள் வயதைச் சொல்வது ஒரு பெருமழையை, ஒரு அணைக்கட்டு வேலையை, ஒரு யானை வந்துபோன ஆண்டை வைத்துத்தான். ஆதார் எடுக்க வந்தவர்கள் முகத்தைப் பார்த்து ஓர் ஆண்டைப் போட்டார்கள். தேதி ஜனவரி 1 ஆயிற்று. அன்று மதிப்பிட்டவர் ஐந்தாறு வயது குறைத்துப் போட்டிருந்தால், அந்த அம்மாள் ஐந்தாறு ஆண்டுகள் ஓய்வூதியம் இல்லாமல் காத்திருக்க வேண்டும். திருத்தலாம் என்றால் அதற்கு ஓர் ஆவணம் வேண்டும். ஆவணம் இல்லாததால்தானே மதிப்பிட்டார்கள்?

அந்த அறுபது என்ற எல்லையே சரிதானா என்றும் கேட்க வேண்டும். ஆறு ஏழு வயதில் வேலைக்குப் போன உடம்பு, அரைவயிற்றோடு வளர்ந்த உடம்பு, கூடலூர்ப் பக்கம் அரிவாள் அணு ரத்தசோகையைப் பரம்பரையாகச் சுமக்கும் உடம்பு, ஐம்பதிலேயே முதுமையைத் தொட்டுவிடுகிறது. பலர் அறுபதைப் பார்ப்பதே இல்லை. இதை ஒப்புக்கொண்ட அரசுகள் இருக்கின்றன. ஜார்க்கண்ட் 2024 முதல் பழங்குடியினருக்கும் தலித்துகளுக்கும் பெண்களுக்கும் ஓய்வூதிய வயதை ஐம்பதாகக் குறைத்தது. ஆஸ்திரேலியாவில் மற்றவர்களுக்கு முதியோர் பராமரிப்புச் சேவைகள் அறுபத்தைந்து வயதில் தொடங்குகின்றன, பூர்வகுடியினருக்கு ஐம்பதிலேயே. அதே ஆஸ்திரேலியாவில் ஓய்வூதிய வயது மட்டும் எல்லோருக்கும் அறுபத்தேழு. எங்கள் ஆயுள் குறைவு, அதற்கேற்ப வயதையும் குறையுங்கள் என்று ஒரு பூர்வகுடிப் பெரியவர் தொடுத்த வழக்கை அந்நாட்டுப் பெடரல் நீதிமன்றம் 2023இல் ஏற்கவில்லை. பராமரிப்புக்கு ஒப்புக்கொள்ளும் உண்மையைப் பணத்துக்கு ஒப்புக்கொள்ள மறுக்கும் தயக்கம் அங்கேயும் இருக்கிறது.

படிவத்தில் இன்னொரு நிபந்தனையும் உண்டு. விண்ணப்பிப்பவர் ஆதரிக்க யாருமற்றவராக இருக்க வேண்டும். நகரத்தில் இதற்குப் பொருள் உண்டு. பணியர் பாடியிலோ இருளர் பதியிலோ இதை எப்படிக் கேட்பது? அங்கே கிழவரோ கிழவியோ தனித்து விடப்படுவது அரிது. பெற்ற பிள்ளை இல்லாவிட்டால் அண்ணன் பிள்ளை, அவனும் இல்லாவிட்டால் பக்கத்துக் குடிசை. காட்டிலிருந்து வந்த கிழங்கும் தேனும் எல்லா அடுப்புக்கும் பங்காகும். எல்லோருக்கும் ஆதரவு உண்டு, ஆதரிக்கும் கையில்தான் ஒன்றும் இல்லை. முதியவர்களைக் கைவிடாத ஒரு சமூகம், கைவிடாததாலேயே தகுதித் தேர்வில் தோற்கும்படி ஒரு நிபந்தனையை வைப்பது அறமாகாது.

இங்கேதான் சட்டம் தனக்குத்தானே முரண்படுகிற ஓரிடத்தைச் சொல்ல வேண்டும். 2006இல் இயற்றப்பட்ட வன உரிமைச் சட்டத்தின் விதிகள், ஒரு குடும்பமோ ஊரோ ஒரு காட்டில் தலைமுறைகளாக வாழ்ந்ததற்கு எவையெல்லாம் சான்று என்று பட்டியலிடுகின்றன. அந்தப் பட்டியலில் அரசுப் பதிவேடுகளோடு சேர்த்து, உரிமை கோராத வேறு மூத்தோரின் வாக்குமூலமும் எழுதி வாங்கப்பட்டால் சான்றாகும் என்று இருக்கிறது. எந்தப் பாறைக்கு அருகில் யாருடைய தாத்தா சாமை விதைத்தார், எந்தத் திட்டில் யாரைப் புதைத்தார்கள், எந்த ஓடையோடு ஊரெல்லை முடிகிறது என்று ஒரு முதியவர் சொன்னால், அந்தச் சொல் நிலத்துக்குப் பத்திரம் ஆகும். தன் வயதை நிரூபிக்க முடியாமல் ஓர் அலுவலகத்தில் நிற்கும் அதே கிழவி, இன்னொரு சட்டத்தின் முன் ஒரு முழு ஊரின் நிலத்துக்குச் சாட்சி. தமிழ்நாட்டில் அந்தச் சட்டம் 2008இல் நடைமுறைக்கு வந்ததுமே நீதிமன்ற உத்தரவு ஒன்றால் உரிமைப் பட்டா வழங்குவது தடைபட்டது. 2016இல்தான் உச்ச நீதிமன்றத்தில் தடை நீங்கியது. அந்த எட்டு ஆண்டுகளில் எத்தனை சாட்சிகள் மண்ணுக்குள் போயிருப்பார்கள்! அவர்களுக்கு அந்த ஆண்டுகளில் ஒரு ரத்த அழுத்த மாத்திரை ஒழுங்காகக் கிடைத்திருந்தால் சில ஊர்களின் எல்லைகள் இன்று வேறாக இருந்திருக்கும்.

முதியவர்களின் சொல்லில் நிலம் மட்டும் இல்லை. தோடர் வழிபாட்டில் ஒவ்வொரு எருமைக்கும் மந்துக்கும் மலைமுகட்டுக்கும் தனிப் புனிதப் பெயர்கள் உண்டு. அவை மூத்தோர் வாயிலிருந்து இளையோர் காதுக்குப் போகிறவை. எந்தச் செங்குத்துப் பாறையில் எந்த மாதத்தில் தேன் இறக்கலாம், எத்தனை அடையை விட்டுவைக்க வேண்டும் என்பது ஆலுக்குறும்பரின் கிழவர்களுக்குத் தெரியும். இந்தச் சொற்களைத் தேடி வந்தவர்களுக்குத் தூரம் ஒரு தடையாக இருந்ததில்லை. 1901, 1902ஆம் ஆண்டுகளில் மானிடவியலாளர் ரிவர்ஸ் தோடர் மந்துகளைத் தேடி நடந்தார். 1930களில் மொழியியலாளர் எமனோ இங்கே தங்கிக் கோத்தர், தோடர் மொழிகளைப் பெரியவர்களிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். அறிஞர்கள் நடந்த அதே பாதையில் ஒரு மாத்திரைப் பெட்டியும் ஓய்வூதியப் பையும் நடந்து போக முடியும்.

இதையெல்லாம் இரக்கத்தின் பேரில் கேட்கவில்லை, கடன் என்றே கேட்கிறேன். 1819இல் கோவை கலெக்டர் ஜான் சல்லிவன் கோத்தகிரிப் பக்கம் வந்து தங்கியதற்கு முன், இந்த மலையில் தோடரின் நெய், கோத்தரின் இரும்பும் பானையும் இசையும், படகரின் தானியம், குறும்பரின் தேன் என்று ஒருவருக்கொருவர் கொடுத்து வாழ்ந்த ஓர் ஏற்பாடு இருந்தது. அதற்குள்ளும் ஏற்றத்தாழ்வு உண்டு. ஆனால் அறுவடையில் ஒரு பங்கு கேட்காமலே வந்து சேரும் பாதுகாப்பும் அதில் இருந்தது. பிறகு காப்பியும் தேயிலையும் வந்தன. மேய்ச்சல் புல்வெளிகளில் சீகையும் தைலமரமும் நடப்பட்டன. 1932இல் பைக்காராவில் பிறந்த மின்சாரம் கோவையின் ஆலைகளை ஓட்டியது. அடுத்து கனடாவின் உதவியோடு குந்தா மின்திட்டம் எழுந்தது. சமவெளி வெளிச்சம் பெற்றது. மேற்கே பணியரின் கதை இதைவிடக் கொடியது. வயநாட்டின் வள்ளியூர்க்காவுத் திருவிழாவில் ஓர் ஆண்டு வேலைக்கென்று அவர்களைப் பேசி முடித்து அழைத்துப்போகும் வழக்கம் இருபதாம் நூற்றாண்டிலும் நீடித்தது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல். இன்று கூடலூரில் எழுபத்தைந்து வயதாகும் பணியப் பெரியவர் அப்போதே இருபதுகளின் நடுவில் இருந்திருப்பார். அவரிடம் சேமிப்பு ஏன் இல்லை என்று யாரும் கேட்க வேண்டியதில்லை. அவருக்குப் போகும் ஓய்வூதியம், அவர் தலைமுறையிடமிருந்து வாங்கிய உழைப்பில் திருப்பித் தரப்படும் மிகச் சிறு பகுதி.

இறங்கிப் போக முடியும் என்பதற்கு இந்த மலையிலேயே முன்னோடிகள் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணூறு பேர் அளவில் இருந்த தோடர்கள் நடுப்பகுதியில் ஐந்நூறைச் சுற்றிக் குறைந்துபோனார்கள். இந்த இனம் அழிந்துவிடும் என்று எழுதியவர்கள் பலர். அந்தக் காலத்தில் தோடர் குடியிலேயே பிறந்து செவிலியராகப் பயிற்சி பெற்ற ஈவம் பில்ஜெயின் மந்து மந்தாகப் போய் மருத்துவம் பார்க்கும் ஏற்பாட்டுக்கு உழைத்தார். வைத்தியம் வீட்டு வாசலுக்கு வந்தது, குழந்தைகள் பிழைத்தார்கள். 2011இல் தோடர் எண்ணிக்கை இரண்டாயிரத்தை எட்டியது. 1958இல் டாக்டர் எஸ். நரசிம்மன் கோத்தகிரியில் நீலகிரி ஆதிவாசிகள் நலச் சங்கத்தைத் தொடங்கினார். கூடலூரில் 1980களில் ஆதிவாசி முன்னேற்றச் சங்கம் உருவாகி நில உரிமை கேட்டது. அதன் தொடர்ச்சியாக 1990இல் அஷ்வினி மருத்துவ அமைப்பு வந்தது. அதன் ஆஸ்பத்திரியில் செவிலியராக இருப்பவர்கள் பெரும்பாலும் ஆதிவாசிப் பெண்கள். ஒரு பணியக் கிழவர் கட்டிலில் படுத்துத் தன் மொழியில் வலியைச் சொல்ல, கேட்பவர் அதே மொழியில் பதில் சொல்கிறார். எந்தக் கருவியும் தர முடியாத சிகிச்சை அது.

அரசாலும் முடியும். 2021இல் கொரோனாத் தடுப்பூசிக்குப் பயந்து பல ஊர்களில் மக்கள் காட்டுக்குள் ஒதுங்கினார்கள். சுகாதாரத் துறையினரும் தொண்டு அமைப்பினரும் ஊர் ஊராக இறங்கிப் போய், மூத்தோரிடம் உட்கார்ந்து பேசி, சில மாதங்களில் மாவட்டத்தின் வயதுவந்த பழங்குடியினரில் மிகப் பெரும்பாலோருக்கும் ஊசி போட்டு முடித்தார்கள். எந்த ஊருக்கும் போக முடியாது என்று அந்த மாதங்களில் யாரும் சொல்லவில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோகும் எண்ணத்தில் பிறந்தது. தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டு 12 அன்று தொடங்கியபோது, எழுபது வயது கடந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் ரேஷன் பொருளை வாசலில் இறக்குவதாகச் சொன்னது. நலிவுற்ற பழங்குடிகளுக்காக மத்திய அரசு 2023 நவம்பரில் அறிவித்த பெருந்திட்டத்தில் நடமாடும் மருத்துவ வண்டியும் உண்டு. திசை சரியாக இருக்கிறது. ஆனால் வண்டி என்றாலே சாலை வேண்டும். மலையில் ஒரு வீட்டுக்கு வாசல் எங்கே இருக்கிறது என்பதைச் சாலை முடிவுசெய்யக் கூடாது. சரிவில் இருக்கும் ஆனைப்பள்ளம், சடையன்கொம்பை போன்ற ஊர்களில் வாசல் என்பது சமவெளியில் இருப்பதுபோல வண்டி நிற்கும் இடம் அல்ல.

நோய் முற்றிவிட்டால் முதியவர்கள்தான் மேலே வர வேண்டியிருக்கிறது. மூங்கில் கழியில் போர்வையைத் தொட்டிலாகக் கட்டி, நான்கு பேர் மாற்றி மாற்றித் தோள்கொடுத்துத் தூக்கி வருகிறார்கள். கோத்தகிரி வட்டத்தைச் சேர்ந்த தெங்குமரஹாடாவுக்கும் அதற்கப்பால் உள்ள இருளர் ஊர்களுக்கும் மாயாறு குறுக்கே ஓடுகிறது. பரிசலில்தான் கடக்க வேண்டும். மழைக்காலத்தில் ஆறு பெருகினால் பரிசலும் இல்லை. சொந்த மாவட்டத் தலைநகரில் இருக்கும் ஆஸ்பத்திரிக்குப் போக பவானிசாகர், மேட்டுப்பாளையம் என்று சமவெளியைச் சுற்றிக்கொண்டு மலையேற வேண்டும். உதகையில் 2025 ஏப்ரலில் திறக்கப்பட்ட 700 படுக்கை கொண்ட மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் 50 படுக்கைகள் பழங்குடியினருக்கென்றே ஒதுக்கப்பட்டிருப்பது பெருமைப்பட வேண்டிய செய்தி. அந்தப் படுக்கைக்கும் மாயாற்றங்கரைக்கும் நடுவே ஒரு முதியவர் கழிக்கும் மணிநேரங்களைக் குறைப்பது அடுத்த வேலை.

முதியவர்களை அங்கிருந்து கூட்டி வந்து வசதியான ஓரிடத்தில் வைத்துவிடலாமே என்று நல்லெண்ணத்தோடு சொல்பவர்கள் இருக்கிறார்கள். அதன் விளைவைப் பார்க்க வட கனடாவைப் பார்க்கலாம். நுனாவுட் பகுதியில் முதியோர் பராமரிப்பு இடங்கள் போதாமல், நினைவு மங்கிய இனுயிட் முதியவர்கள் ஏறக்குறைய இரண்டாயிரம் கிலோமீட்டர் தெற்கே ஒட்டாவாவுக்கு அனுப்பப்பட்டார்கள். அறை சூடாக இருந்தது, மருத்துவரும் இருந்தார். ஆனால் பேச்சுக்கு இனுக்டிடுட் மொழி இல்லை, தட்டில் காரிபூ மான் இறைச்சியும் சீல் இறைச்சியும் இல்லை. வாழ்நாளெல்லாம் தின்ற உணவும் கேட்ட மொழியும் கடைசி நாட்களில் இல்லாமல் போவதைக் குடும்பங்கள் பொறுக்கவில்லை, எங்கள் மண்ணிலேயே பராமரிப்பு வேண்டும் என்று கேட்டார்கள். நம் மலையில் 2023 மே மாதம் நடந்த ஒரு சிறு காரியத்தை இதோடு சேர்த்து நினைக்கிறேன். நீலகிரியிலும் தருமபுரியிலும் ரேஷனில் இரண்டு கிலோ அரிசிக்குப் பதிலாக இரண்டு கிலோ கேழ்வரகு வாங்கிக்கொள்ளலாம் என்று ஆயிற்று. பல் போன வாய்க்கு ராகிக் களியும் கூழும் எத்தனை ஆறுதல் என்பது, ஐம்பது ஆண்டுகளாக ரேஷன் அரிசியை மட்டுமே பார்த்த அடுப்புகளுக்குத் தெரியும். உதவி ஒரு மனிதரின் நாக்கையும் மதிக்கலாம் என்பதற்கு அது சான்று.

ஆகவே நான் கேட்பவை சில. ஆறு குடிகளுக்கும் ஓய்வூதிய வயதை ஐம்பதாக்க வேண்டும். வயதுக்குச் சான்றாக ஊர்க்கூட்டத்தில் மூத்தோர் சொல்லும் சொல்லை ஏற்க வேண்டும். நிலத்துக்கு ஏற்கும் சட்டம் வயதுக்கு ஏற்பதில் குறை ஒன்றும் வராது. ஆதரவற்றவராக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையை இவர்களுக்கு நீக்க வேண்டும். 2018 முதல் தபால்துறைக்கே சொந்த வங்கி இருக்கிறது, தபால்காரர் கையில் கைரேகைக் கருவியும் இருக்கிறது. அவர் மறுபடி இறங்கிப் போக வேண்டும். ரேகை விழாதவருக்குக் கருவிழியோ, ஊரார் இருவரின் சாட்சியோ போதும் என்று ஆக்க வேண்டும். மாத்திரை கொண்டுபோகிறவர் அதே ஊரின் பெண்ணாக இருக்க வேண்டும், அவருக்கு ஒழுங்கான சம்பளம் இருக்க வேண்டும். நடக்கும் தூரத்துக்கு ஏற்ப அந்தச் சம்பளம் கூட வேண்டும். தாசில்தார் அலுவலகத்தின் ஓய்வூதியப் பதிவேட்டில் ஒவ்வொரு பெயருக்கும் நேரே, பணத்தைப் பெற அவர் எத்தனை கிலோமீட்டர் நடந்தார் என்று ஒரு கட்டம் சேர்க்க வேண்டும். அந்தக் கட்டத்தில் பூஜ்யம் விழும்வரை வேலை முடியவில்லை என்று அரசு கருத வேண்டும்.

இவற்றில் எதற்கும் பெரும்பணம் தேவையில்லை. 2011 கணக்கின்படி மாவட்டத்தின் பழங்குடிகள் முப்பத்து மூவாயிரம் பேர்கூட இல்லை, அவர்களில் முதியவர்கள் சில ஆயிரம். இத்தனை சிறிய எண்ணிக்கையுள்ள மக்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லி அறிந்துவைத்திருக்க ஓர் அரசால் முடியும். அவர்களில் ஒவ்வொருவரும் ஒரு காட்டின் எல்லையை, ஒரு நோயின் மருந்தை, ஒரு ஊரின் உரிமையை நினைவில் வைத்திருக்கிறார். இன்னும் எழுதி வாங்கப்படாத வாக்குமூலங்கள் அவை. அவர்களை நலமாக வைத்திருப்பது அவர்களுக்கு நாம் செய்யும் சலுகை என்று எண்ணுவதை விட்டுவிட்டு, அவர்கள் வைத்திருப்பதற்கு நாம் தர வேண்டிய கூலி என்று எண்ணத் தொடங்குவோம். கூலியை வேலை செய்தவரின் கையில் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் முறை.